குற்றாலம் போகாத 43 நாட்கள்

ஆடி இரண்டாம் வாரம் குற்றாலச் சாரலுக்கென்று நாகர்கோவிலிலிருந்து புறப்பட்ட எங்கள் வண்டி முப்பந்தலைத் தாண்டவில்லை. பழைய 12 இருக்கை டீசல் வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து நாங்களே வீடாக்கிக்கொண்ட வண்டி அது. ஆரல்வாய்மொழியைக் கடந்ததும் காற்றாலை இறக்கை ஏற்றிய நீண்ட லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டாவது கியரில், ஏசியும் ஓட, கால் மணி நேரம் நகர்ந்திருப்போம். அதுவரை பாதியில் நின்ற வெப்பமானி முள் மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. இசக்கியம்மன் கோவிலுக்குச் சற்று முன்பாக ஓரங்கட்டியபோது முன்புறக் கம்பிவலை வழியே ஆவி சீறிக்கொண்டிருந்தது.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது எனக்குப் பெரிய சோதனை. மூடியைத் திறந்து ஊற்றிவிடலாம் என்று கை பரபரத்தது. என் மனைவிதான் தடுத்தாள். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வால்வு. 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி சரியாக வேலை செய்தால் உள்ளே இருக்கும் சாதாரணத் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் இறங்கி, அதுவரை கொதிக்காமல் இருந்த தண்ணீர் அப்படியே பொங்கி முகத்தில் பாயும். அதற்குத் தப்பினாலும், பழுக்கக் காய்ந்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீர் போனால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளையும், சில நேரம் விரிசலே விடும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, துணி சுற்றி மூடியைத் திறந்தபோது உள்ளே பாதிக்கு மேல் காலியாக இருந்தது. வண்டியைக் கட்டி இழுத்து நாகர்கோவிலுக்குத் திரும்பினோம்.

இந்தச் சூட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. சித்திரையிலேயே முள் கொஞ்சம் ஏறத் தொடங்கியிருந்தது. அப்போது போன முதல் பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பிவிட்டு அடைப்பெடுத்தார்கள். அந்த வேலை தேவையானதுதான், குற்றம் என்னுடையது. வழியில் குறையும்போதெல்லாம் கூலண்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குழாய்களுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு படிய விட்டிருந்தேன். போதாக்குறைக்கு, முட்டம் கடற்கரையில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்ததில் உப்புக்காற்று ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்திருந்தது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். தகடு சுண்ணாம்புக் காரைபோலப் பொடிந்து விரலோடு வந்தது. அடைப்பெடுத்த பிறகும் நெரிசலில் முள் ஏறவே, இரண்டாவது பட்டறைக்குப் போனேன். அங்கே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, இனிமேல் சூடே ஏறாது என்றார்கள்.

இந்த வைத்தியம் நம் ஊரில் பரவலாக நடக்கிறது, அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கும் அந்தச் சிறு வால்வு ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, பல எஞ்சின்களில், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அடைக்கவும் செய்கிறது. வால்வையே எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்து கிடக்கும். ஆறாத தண்ணீரில் ஒரு பங்கு மறுபடி எஞ்சினுக்கே போகும். காலையில் எஞ்சின் சூடேற நேரமாகும், மதியம் நெரிசலில் சூடு தணிய மறுக்கும். அந்த வண்டியில்தான் நாங்கள் குற்றாலத்துக்குக் கிளம்பியிருந்தோம்.

மூன்றாவதாக வண்டியை விட்ட இடம் நாகர்கோவிலில் ஒரு சிறிய பட்டறை. அங்கிருந்த ஆசானுக்கு அறுபது வயது இருக்கும். என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, தண்ணி எங்க போகுதுன்னு தெரியாம நான் ஒரு சாமானும் மாத்த மாட்டேன், கேட்டியளா?" என்றார். எனக்கு நிம்மதியும் எரிச்சலும் ஒருசேர வந்தன. மறுநாள் காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருந்தபோது என்னை அழைத்துக் காட்டினார். வண்டியைக் கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாத நிலையில், மேல் ஹோஸ் கல்லாக இறுகியது. மூடியைத் திறந்ததும் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் இடைவிடாமல் வந்தன. பிறகு ஒரு கண்ணாடிக் குழலில் இருந்த நீல நிறத் திரவத்தின் வழியே அந்தக் காற்றை இழுத்தார். நீலம் பச்சையாகிக் கடைசியில் மஞ்சளானது. எரிந்த புகை தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது, ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

தாமதம் தொடங்கியது இங்கேதான். முதல் இரண்டு நாட்கள் என்னால் போயின. எங்கள் வேனில் எஞ்சினின் பின்பாதி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. நான் அழகாகச் செய்துவைத்த மளிகை அலமாரியை அந்த மூடியின்மேல் திருகாணியால் இறுக்கியிருந்தேன். நானே போய்க் கழற்றினேன், இரண்டு திருகாணிகள் துருப்பிடித்து உடைந்தன. ஹெட்டை இறக்கி, நேர்விளிம்புச் சட்டத்தை அதன்மேல் வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தபோது, நடுவில் 0.15 மில்லிமீட்டர் வளைவு இருந்தது. பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவ வேண்டும், விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்கவும் வேண்டும். அந்த லேத் பட்டறையில் முன்னால் எட்டு ஹெட்டுகள் வரிசையில் கிடந்தன. எங்கள் முறை வருவதற்குள் ஓணம் வந்துவிட்டது. வேலைக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

கேஸ்கெட் வேறொரு கூத்து. சென்னையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து, ஆசான் அதன் ஓரத்தில் இருந்த சிறு துளைகளை எண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டீசல் எஞ்சின்கள் பலவற்றில் கேஸ்கெட் வெவ்வேறு தடிமனில் வரும், எது எந்தத் தடிமன் என்பதை அந்தத் துளைகளின் எண்ணிக்கை காட்டும். பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் மட்டத்தைவிட எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்துதான் எது வேண்டும் என முடிவு செய்ய வேண்டும். வந்தது இரண்டு துளை, தேவை மூன்று துளை. திருப்பி அனுப்பி மறுபடி வாங்க 11 நாட்கள் ஆயின. கடைக்காரர் தினமும் "நாளைக்கு வந்திரும்" என்றார். நான் எப்போது வரும் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பொட்டலம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகே உண்மை வந்தது: அவர் அதுவரை ஆர்டரே போட்டிருக்கவில்லை.

வேன் வீடாகவும் இருப்பதால் வரும் சங்கடங்களைச் சாதாரண வண்டிக்காரர்கள் அறிய மாட்டார்கள். கேஸ் சிலிண்டரை முதல் நாளே இறக்கிவிட்டோம். மெத்தையை விட்டுவிட்டோம். அதில் பட்டறைப் பூனை குட்டி போட்டது. அந்தக் குட்டிகள் கண் திறந்து தாமாக இறங்கிப் போகும்வரை ஆசான் பின்கதவைச் சாத்தவே விடவில்லை.

ஹெட்டை ஏற்றி, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக வரிசைப்படி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, புதிய தெர்மோஸ்டாட்டும் வைத்து எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த நாளில், ஆசான் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்க கவர் எங்க?" என்றார். எனக்கு அப்படி ஒன்று இருந்ததே நினைவில்லை. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடையே கூடுபோல நிற்கும் பிளாஸ்டிக் கவர் அது. அது இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டரின் முழுப் பரப்பு வழியாகவும் காற்றை இழுக்கும். இல்லையென்றால் நடுவில் ஒரு வட்டத்தில் மட்டும் இழுத்துவிட்டு, ஓரத்திலிருந்து சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அள்ளும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை மறைத்துவிடும். முப்பந்தலில் அன்று நடந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்று எங்களுக்குப் பின்புறமிருந்து வீசியது. மரங்களைச் சாய்க்கும் காற்றில் எஞ்சின் எப்படிச் சூடாகும் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். நடைவேகத்தில் ஊர்ந்த வண்டிக்கு அந்தக் காற்று உதவவில்லை, ரேடியேட்டர் வழியே உள்ளே வரவேண்டிய காற்றை எதிர்த்துத் தள்ளியது. ஃபேன் ஒன்றுதான் கதி, அந்த ஃபேனுக்கோ கவர் இல்லை.

சித்திரையில் போன முதல் பட்டறைக்கு நேரே போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். பழைய டயர்களுக்குப் பின்னால், மழைநீர் தேங்கி, இலை மக்கி, எங்கள் கவர் மல்லாந்து கிடந்தது. ஒரு காது உடைந்திருந்தது. அதைத் திரும்பப் பூட்ட மறந்துவிட்டார்களாம். எடுத்துக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்காது. உடைந்த காதுக்கு ஆசான் ஒரு இரும்புப் பட்டையை வளைத்து வைத்தார்.

43-ஆம் நாள் மாலை, ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, அதே சாலையில் தோவாளையைக் கடந்து முப்பந்தல் வரை இரண்டாவது கியரிலேயே ஓட்டிப் பார்த்தோம். காற்று முன்போல இல்லையென்றாலும் பின்புறமிருந்துதான் வந்தது. பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அழுத்தித் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். முள் பாதியில் ஏறி நின்றது. என் மனைவி திரும்பி வரும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டது. மெத்தை இன்னும் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.