அவிழ்க்கச் சொன்னது நான்தான்

"பிள்ளையை இப்பிடிக் கட்டிப் போடலாமா தங்கச்சி? அவிழ்த்து விடுங்கோ."

நிலாவெளி வெங்காயத் தோட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். பழைய சேலைக் கிழிசல். ஒரு நுனி முருங்கை மரத்தில், மறு நுனி ஒன்றரை வயதுப் பையனின் இடுப்பில். "தனியத்தான் மிஸ் புல்லுப் புடுங்குறன்" என்றாள். சொல்லிக்கொண்டே அவிழ்த்தும் விட்டாள்.

அவள் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் நான் சுற்றிப் பார்த்திருப்பேன். பார்த்திருப்பேனா? பாத்திகளுக்கு நடுவே, தரையோடு தரையாகச் சுற்றுக்கட்டில்லாத கிணறு. மழை விட்ட தை மாதம், தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. பதினாறு வருடமாகக் குடும்பநல உத்தியோகத்தராக அந்த மணலில் நடக்கிறேன். கிணறுகள் கண்ணுக்குப் பழகிவிட்டன. துணிதான் உறுத்தியது.

நான் சொன்னதிலும் பிழையில்லை. துணி கழுத்தில் சுற்றினால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். இதை எனக்கே எத்தனை தரம் சொல்லிக்கொண்டேனோ.

ஐந்தாம் நாள் பையன் கிணற்றில் விழுந்தான். சத்தமே கேட்கவில்லையாம். கேட்காதுதான், மூழ்கும் பிள்ளைக்குக் கத்த மூச்சு இருக்காது. தண்ணீர் இறைக்கிற மெஷின் போட வந்த சித்தப்பா மிதந்த சட்டையைக் கண்டு குதித்ததால் தப்பினான். வார்டில் என்னைக் கண்டதும் அவள் எழுந்து கதிரையைத் தந்தாள். ஏசியிருக்கலாம்.

நீரில் மூழ்குவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கையை அப்புறம்தான் படித்தேன். தண்ணீரை அண்டவிடாத தடுப்பு வேண்டும், பள்ளி போகாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்கிறது. அவளிடம் இருந்த தடுப்பு அந்தத் துணி ஒன்றுதான். அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, பதிலுக்கு நான் எதைக் கொடுத்தேன்?

போன மாதம் திரும்பவும் போனேன். கிணற்றைச் சுற்றி நாலு கட்டை நட்டு மீன்வலை கட்டியிருந்தார்கள். மெஷின் குழாய் போகிற பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. பையன் மறுபடியும் முருங்கையடியில், இடுப்பில் அதே துணி. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீளத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன், கிணற்றுக்கு எட்டாது. முடிச்சு வயிற்றை இறுக்கியிருந்தது; தளர்த்தக் குனிந்தேன்.

அவள் பாத்தியிலிருந்து ஓடி வந்தாள். "அவிழ்க்கவா மிஸ்?"