பேய்ப்பெண்ணுக்கு ஒரு காதல் கதை: என் முதல் நாவல் வந்த வழி

என் முதல் நாவல் அமேசான் கிண்டிலில் மின்னூலாகவும் அச்சிலும் வந்துவிட்டது. அமானுஷ்யக் காதல் கதை. வந்த நாளிலிருந்து ஒரே கேள்வியைத்தான் ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள்: "சிஸ், நானும் ஒரு பேய் லவ் ஸ்டோரி எழுதிட்டிருக்கேன், பாதியில நிக்குது. நீங்க எப்படி முடிச்சீங்க?" தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் கதை உருவானதிலிருந்து புத்தகமாகக் கையில் வந்தது வரை எனக்கு நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பாதியில் நிற்கிறவர்களுக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரிய இது உதவலாம்.

எனக்கு நாகர்கோவில் பக்கம். திருநெல்வேலி போகிற நெடுஞ்சாலையில் ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தல் இசக்கியம்மன் கோவில். கோவிலைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் காத்தாடிகள், அதாவது மின்சாரம் எடுக்கிற காற்றாலைகள். வைகாசி பிறந்தால் கணவாய் வழியாக வருகிற காற்று புரட்டாசி வரை ஓயாது. அந்தச் சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே பார்த்து வளர்ந்தவள் நான். காத்தாடியில் வேலை பார்க்கிற ஒருவன், அந்தக் காற்றில் அலைகிற ஒருத்தி. கதையின் விதை இவ்வளவுதான்.

விதை கிடைத்ததும் எழுத வராது. வெளிநாட்டுப் பேய்க் காதல்களில் பெரும்பாலும் சாகாத ரத்தக்காட்டேரி ஹீரோ, உயிரோடு இருக்கிற ஹீரோயின். அவன் பணக்காரன், அழகன், நூறு வருஷத் தனிமை அவனுக்கு. நம் ஊரில் அந்த அச்சு பொருந்தாது. நம்மிடம் அலைகிறவள் பெண். அவள் காதலுக்காக ஏங்கிச் செத்தவளும் இல்லை, கொல்லப்பட்டவள்.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் கையால் கொலையானவள் பேயாக வருகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னோடு அனுப்புங்கள் என்று ஊர் வேளாளர்களிடம் முறையிடுகிறாள். அவனிடம் அவளை அண்டவிடாத வாள் ஒன்று இருக்கிறது. அதை வாங்கி வைத்துவிட்டு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று 70 பேர் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக அந்த 70 பேரும் தீயில் இறங்கி உயிரை விடுகிறார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தக் கதைக்குக் குறிப்பு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்த நீலியைத்தான் இசக்கியாகக் கும்பிடுகிறோம், கொடை என்கிற கோவில் திருவிழாவில் வில்லுப்பாட்டாகப் பாடிக் கேட்கிறோம்.

இப்படி ஒரு மண்ணில் இருந்துகொண்டு, பேய்ப்பெண் முதல் அத்தியாயத்திலேயே ஹீரோவைப் பார்த்து வெட்கப்பட்டாள் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? அவளுக்குக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அது தீராமல் அவளுக்குக் காதல் வராது. என் நாவலில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

அம்மாவுக்கு நான் எழுதுவது தெரிந்ததும் பயந்துவிட்டார். "சாமியோட வெளயாடாத மக்ளே" என்றார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். இசக்கியை ஹீரோயின் ஆக்குகிற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என் கதையில் வருகிறவள் யாரும் பீடம் வைக்காத, பேர்கூட மறந்துபோன ஒரு பெண். காத்தாடிகள் வருவதற்கு முன்பே செத்தவள். இருந்தாலும் கேட்டுக்கொண்டு எழுதுவோம் என்று, சொந்தத்தில் மாமா முறையாகும் வில்லுப்பாட்டு அண்ணாவி (குழுவின் தலைமைப் பாடகர்) ஒருவரைப் போய்ப் பார்த்தேன். குடத்தையும் உடுக்கையையும் மூலையில் வைத்திருந்தார். வயதாகிவிட்டது, இப்போது அவர் பாடப் போவதில்லை. கதையை முழுக்கக் கேட்டார்.

"செத்த பிள்ள சாமியாகணும்னா அவளுக்கு நடந்தத நாலு பேரு முன்னால சொல்லணும் மக்ளே. சொல்லாத வரைக்கும் அவ அலைவா. நாங்க வில்லடிக்கது அதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்ததும் நாவலின் நடுப்பகுதியை எழுதிவிட்டேன். அதுவரை ஹீரோ அவளை எப்படி விடுவிப்பான் என்று தெரியாமல் மந்திரவாதி, தாயத்து, பௌர்ணமி பூஜை என்று வழக்கமான சாமான்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். அவளுக்கு நடந்ததைத் தேடிக் கண்டுபிடித்து, கொன்றவனின் பேரன்கள் உட்கார்ந்திருக்கும் கொடையில், ஊர் முன்னால் பாட வைக்கிறான். அந்தப் பாட்டு முடிந்த பிறகுதான் அவள் முதல் தடவையாக அவனிடம் தன் பெயரைச் சொல்கிறாள். காதல் அத்தியாயங்கள் அங்கிருந்து தொடங்குகின்றன.

அமானுஷ்யம் எழுதுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, பேய்க்குச் சட்டம் வேண்டும். என்ன முடியும், என்ன முடியாது என்று எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்து நோட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். நினைத்த இடத்தில் தோன்றி நினைத்ததைச் செய்கிற பேயை வைத்துக் காதல் எழுத முடியாது. தடை இல்லாத இடத்தில் ஏக்கமும் இல்லை. என் சட்டத்தை நீலி கதையிலிருந்தே எடுத்தேன். இரும்பு இருக்கிற இடத்தை அவளால் நெருங்க முடியாது.

ஹீரோவோ காத்தாடி டெக்னீஷியன். இரும்புக் கோபுரத்துக்குள் இரும்பு ஏணியில் ஏறுகிறவன், இடுப்பில் பெல்ட், கொக்கி, ஸ்பேனர். காற்று நொடிக்கு 25 மீட்டரைத் தொட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். அப்படி நிற்கிற இரவுகளில் அவன் கீழே இறங்கி வருவான். வெளியே காற்றில் அவள் நிற்பாள். அவளிடம் போக வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்க வேண்டும்: பெல்ட், ஸ்பேனர், சாவிக்கொத்து, கடைசியாக முனையில் இரும்பு வைத்த ஷூ. நீலி கதையில் வாளைக் கொடுத்தவன் செத்தான். அந்தக் கதை தெரிந்த என் ஹீரோ, கை நடுங்க, ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைக்கிறான். தொடுவதற்கு முன்பு இவ்வளவு நேரம் எடுக்கிற ஒரு காட்சி. வாசகிகள் அதிகம் பேசியது இந்த அத்தியாயத்தைப் பற்றித்தான். அதில் ஒரு முத்தம்கூட இல்லை.

நாவல் முதலில் இணையத்தில் தொடராகத்தான் வந்தது. வாரத்துக்கு மூன்று யூடி, அதாவது மூன்று புதுப் பகுதி. தொடர் எழுதுவதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து வந்து எழுதிப் போட்டால், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் முன்பே கருத்துகள் வந்திருக்கும். எந்த வரியில் சிரித்தார்கள், எங்கே குழம்பினார்கள் என்று உடனுக்குடன் தெரியும். எந்தப் பட்டறையிலும் இந்தப் பயிற்சி கிடைக்காது. ஆனால் வாசகி கேட்பதையெல்லாம் கொடுக்கக் கூடாது. "லவ் சீன் எப்போ சிஸ்?" என்று நடுப்பகுதி வரைக்கும் கேட்டார்கள். கொடைக் காட்சிக்கு முன் அது வராது என்று நான் அசையவில்லை. சிலர் விட்டுவிட்டுப் போனார்கள். இருந்தவர்கள் கடைசி வரை இருந்தார்கள்.

முடிவுதான் பெரிய சிக்கல். காதல் நாவல் படிக்கிறவர்களுக்குச் சுபம் வேண்டும். அது நியாயமான எதிர்பார்ப்பு, நானும் அப்படித்தான் படிக்கிறேன். செத்தவளோடு என்ன சுபம்? முக்கால்வாசிப் பேர் மறுபிறவி கேட்டார்கள். அவள் மறுபடி பிறந்து வர, அவன் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமாம். அது எனக்கு ஒப்பவில்லை. மறுபடி பிறக்கிறவளுக்கு நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. அவ்வளவு பாடுபட்டு ஊர் முன்னால் சொன்ன உண்மையைச் சுமக்காத ஒருத்தி, வேறொருத்திதான். பீடம் வைத்து ஊர்ச்சாமி ஆக்கினால் அவள் எல்லாருக்கும் பொதுவாகிவிடுவாள், அவனுக்கு இல்லை.

விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. தென்மாவட்டங்களில் பல குடும்பங்களில் கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வீட்டுக்குள் வைத்துக் கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டியில் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். என் ஹீரோவின் அம்மா கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெட்டியை எடுத்துத் துடைத்து, ஒரு கல்யாணப் புடவை வைக்கிறாள். இரும்புத் தாழ்ப்பாளைக் கழற்றி மரத் தாழ்ப்பாள் போட்ட கதவு வழியாக அவள் அந்த வீட்டுக்கு வருகிறாள். மறுபிறவி கேட்டவர்களில் பலர் இதையும் சுபம் என்றே ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காதவர்களும் உண்டு.

தொடரை அப்படியே புத்தகமாக்க முடியாது. தொடரில் ஒவ்வொரு எபியும் (எபிசோடும்) போன எபியை நினைவுபடுத்தித் தொடங்கும், ஒரு திடுக்கிடலில் முடியும். புத்தகத்தில் இரண்டும் எரிச்சல். அவற்றை வெட்டியதிலேயே நாவல் நன்றாக இளைத்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுத்தார். உரையாடலில் இருந்த எங்கள் ஊர்ப்பேச்சை அவர் தொடவில்லை, அதற்கு நான் என்றும் நன்றியுள்ளவள்.

கிண்டிலில் ஏற்றியது சுலபம். 2016 டிசம்பரிலேயே தமிழ் அங்கே வந்துவிட்டது. வேர்டு கோப்பில் அத்தியாயத் தலைப்புகளை முறையாகத் தலைப்பு வடிவில் வைத்தால் பொருளடக்கம் சரியாக வரும். அட்டை 2560க்கு 1600 பிக்சல். பான் எண், வங்கிக் கணக்கு கையில் இருந்தால் வரி விவரங்களையும் ஒரே மூச்சில் முடிக்கலாம். யோசிக்க வேண்டியது செலெக்ட் என்கிற அமேசானின் திட்டத்தைத்தான். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அதில் சேர வேண்டும், இல்லையென்றால் 35தான். சேர்ந்தால் 90 நாள் மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதனால் தொடரை எடுக்க வேண்டியிருந்தது. முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் எடுத்தேன், அப்படியும் வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம் என்பதால் முதலில் அவர்களுக்காகவே திறந்துவிட்டேன். செலெக்டில் இருக்கிற புத்தகத்தைக் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்களும் படிக்கலாம், அவர்கள் படிக்கிற பக்கக் கணக்கில்தான் எனக்கு வருமானம் அதிகம். பக்கத்துக்கு இவ்வளவு என்பது மாதாமாதம் மாறும், பணம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாளில் வரும்.

அட்டைப்படத்துக்கு ஓவியர் முதலில் அனுப்பியது விரித்த கூந்தல், வெள்ளைச் சேலை, சிவப்புக் கண். அந்தப் பெண்ணை நான் எழுதவில்லை என்று சொல்லி, முப்பந்தல் புகைப்படங்களை அனுப்பினேன். இப்போது அட்டையில் நிற்கிற காத்தாடியும், தரையில் கழற்றி வைத்த பெல்ட்டும் இருக்கின்றன.

அச்சுப் பிரதியை ஒரு சிறு பதிப்பகம் கொண்டுவந்தது. வாடகை நூலகங்கள் இன்னும் காதல் நாவல் வாங்குகின்றன, அந்த நம்பிக்கையில்தான். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே கொடுக்கிறது. அதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும், அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தருகிற பிரதி) வந்தால் ஒவ்வொரு பக்கமும் கண்ணால் பாருங்கள். நான் கைபேசியில் தட்டிய யூனிகோட் அவர்களுடைய மென்பொருளுக்குள் போனதும் 'கொடை' என்று வந்த இடமெல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து கிடந்தது. கொடையே நடுநாயகமாக இருக்கிற நாவல் அது.

வெளியான கொஞ்ச நாளிலேயே திருட்டு பிடிஎஃப் சுற்றத் தொடங்கியது. நாம் பதிவு செய்யாவிட்டாலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுதியவருக்குத்தான். கண்ட இடத்திலெல்லாம் புகார் கொடுத்து எடுக்க வைக்கிறேன். அலுப்பான வேலை, ஆனால் விடப் போவதில்லை. ராத்திரித் தூக்கத்தை விட்டு எழுதியது.

பாதியில் நிற்கிறவர்கள் உங்கள் பேய்ப்பெண்ணுக்கு யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அடுத்த நாவலின் சட்டங்களை நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன், அதனால் பதில் கொஞ்சம் தாமதமாக வரும்.