டபுள் கிளாஸ் கேட்கும் முன்: பழைய வீட்டு மேற்கு ஜன்னல்

சென்னையில் ஐம்பது, அறுபது வருஷத்துப் பழைய வீட்டில் ஜன்னல் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் "டபுள் கிளாஸ் போட்டால் கரண்ட் பில் குறையுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வெறும் டபுள் கிளாஸால் பெரிதாகக் குறையாது. இந்த ஊரில் கண்ணாடி வழியே வரும் சூட்டில் பெரும்பங்கு நேர் வெயில். சாதாரண ஒற்றைக் கண்ணாடி, மேலே விழும் வெயில் சூட்டில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியும் 70-ஐ விட்டுவிடும். இந்த அளவுக்குத்தான் எஸ்.எச்.ஜி.சி. என்று பெயர். கடையில் யு-வேல்யூவை (உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் கண்ணாடி கடத்தும் சூட்டின் அளவு) மட்டும் காட்டினால் இதையும் கேளுங்கள், 0.3-ஐ, அதாவது 30 சதவீதத்தை, ஒட்டி இருந்தால் நல்லது.

அதற்காக இருட்டுக் கண்ணாடிக்குப் போகாதீர்கள். கறுப்பு டின்ட், வெயிலைக் குடித்துத் தானே அடுப்பாகிவிடும். நாலு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் தெரியும். சுவர்ப் பரப்பில் ஜன்னல் 30 சதவீதத்துக்குள் இருக்கும் வீட்டில் கண்ணாடி குறைந்தது 27 சதவீத வெளிச்சத்தையாவது விட வேண்டும் என்கிறது வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018'.

எல்லா ஜன்னலையும் மாற்றத் தேவையில்லை. தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடே பெரும்பாலும் போதும். மேற்கில் சாய்வெயில் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். காசு அங்கே போகட்டும்; வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டியும் தொங்கட்டும்.

தேக்கு நிலையை அவசரப்பட்டுப் பெயர்க்காதீர்கள். கீழ் மூலையில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது. 6-12-6 இரட்டைக் கண்ணாடி (6 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, 6 மி.மீ. கண்ணாடி) 24 மி.மீ. கனம், பழைய ஜன்னல் கதவில் கண்ணாடி உட்காரும் காடியில் அடங்காது. வெயில் சூட்டைத் தடுக்கும் பூச்சுள்ள 6 மி.மீ. சோலார் கன்ட்ரோல் ஒற்றைக் கண்ணாடி, விளிம்பைப் பிடிக்கும் மரப் பட்டையான பீடிங்குக்குள் அடங்கும், பூச்சுப் பக்கம் உள்ளே பார்க்க. பழைய 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, இது 15 கிலோ. ஆசாரியிடம் மூன்றாவது கீல் போடச் சொல்லுங்கள். இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை. மேலே திறந்தே கிடக்கும் வென்டிலேட்டரை மூடாமல் ஏசிக்காக ஜன்னல் மாற்றுவது வீண்.

மரம் போய்விட்டதென்றால் யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம். ஸ்லைடிங் பாதிதான் திறக்கும், ஓரத்தில் காற்றும் கசியும். கதவு மாதிரித் திறப்பது ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தி மூடும். அகலம் மூன்று இடம், உயரம் மூன்று இடம், இரண்டு மூலைவிட்டம் அளந்து, கிடைத்ததில் மிகச் சிறிய அகலத்திலிருந்தும் உயரத்திலிருந்தும் 10 மி.மீ. கழியுங்கள். பழைய சுவர் எதுவும் மட்டமாக இராது. சுண்ணாம்புக் காரைச் சுவரென்றால் டிரில்லின் ஹேமர் மோடை அணைத்துவிட்டு, இணைப்பில் இல்லாமல் செங்கல்லின் நடுவில் துளையிட வேண்டும். மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி முதல் ஸ்க்ரூ, பிறகு 600 மி.மீ.க்குள் ஒன்று.

கண்ணாடி வந்ததும் வெளிப்பக்கம் லைட்டரைப் பிடியுங்கள். யுபிவிசியில் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால் நான்கு சுடர் தெரியும். பூச்சால் நிறம் மாறிய சுடர் உங்கள் பக்கத்திலிருந்து இரண்டாவதாக இருக்க வேண்டும். மூன்றாவதென்றால் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

கடைசியாகக் கொத்தனார் பூசி முடித்ததும் கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கத் தண்ணீர்த் துளைகளில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். சிமென்டோ சிலிக்கானோ அடைத்திருந்தால் ஐப்பசி மழை முழுக்க அறைக்குள்தான். சட்டத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் அன்றே உரித்துவிடுங்கள். வெயிலில் ஊறினால் பிறகு நகத்துக்கு வராது.