கோழிட முதுகைக் கழட்டினாப் பிறகுதான் சரிவந்திச்சு

போன மாசம் நிலாவெளியில சொந்தக்காரர் வீட்டு முத்தத்தில ஒரு முழுக்கோழி சுட்டம். சுட்டம் எண்டும் சொல்லேலாது, வெளியில கரி, உள்ளுக்க ரத்தம். நெஞ்சுப்பக்கத்தைக் கடிச்சா பஞ்சு, தொடையை இழுத்தா எலும்போட ஒட்டின இடம் இன்னும் ரோஸ் கலர். மச்சான் அதைத் தூக்கித் திரும்ப அடுப்பில போட்டுட்டு நிண்டான், நாங்க பாணும் சம்பலும் சாப்பிட்டு எழும்பிட்டம்.

பிறகு யோசிச்சா பிழை நெருப்பில இல்ல. கோழி உருண்டை, அடுப்புக்கு மேல வைக்கிற கம்பிவலை தட்டை. ஒரு பக்கம் கம்பியில படும், மற்றது அந்தரத்தில நிக்கும். அதோட நெஞ்சுக்கும் தொடைக்கும் ஒத்தே வராது. நெஞ்சு 74 டிகிரி செல்சியஸ் வந்தாக் காணும், அதுக்கு மேல விட்டா காயத்தொடங்கிரும், தொடையில சவ்வும் கொழுப்பும் கூட, அது 80ஐத் தாண்டினாத்தான் இளகி நல்லா வரும். அப்ப ரெண்டையும் ஒரே நேரத்தில இறக்கோணுமெண்டா முதுகெலும்பைக் கழட்டிக் கோழியைத் தட்டையா விரிக்கிறதுதான் லேசான வழி.

கடையில முதலே சொல்லிருங்க, தோலோட முழுசா வேணும் எண்டு. நம்மட ஆக்கள் பேசி முடிக்க முதல் கறிக்கு வெட்டிப் போட்டுருவாங்க. கறித்துண்டைக் கம்பியில வச்சா பாதி கருகும், பாதி கீழ விழும்.

வீட்ட வந்து கோழியைக் கவுட்டுப் போடுங்க, முதுகு மேல பாக்க. நல்ல கத்தரிக்கோல் ஒண்டு வேணும், கத்தி வழுக்கும், எனக்கு விரலில இன்னும் தழும்பு இருக்கு. வால் பக்கத்தில தொடங்கி முதுகெலும்புக்கு ஒட்டி ஒரு கரையால மேல வெட்டிக்கொண்டு போங்க, விலா எலும்பு டிக் டிக்கெண்டு உடையும், தொடைப் பூட்டுக்கிட்ட வரேக்க கொஞ்சம் மல்லுக்கட்டும், அந்த இடத்தில அமத்தாதீங்க, கத்தரியைக் கொஞ்சம் முதுகெலும்புப் பக்கம் சரிச்சா தானா வழி விடும். மற்றக் கரையும் அப்பிடித்தான். முதுகெலும்பு ஒரு நீட்டுப் பட்டி மாதிரிக் கையோட வரும். இப்ப உள்ப்பக்கத்தில நெஞ்செலும்பு தொடங்கிற இடத்தில வெள்ளையா ஒரு குருத்தெலும்பு தெரியும், அதில கத்தி நுனியால ஒரு கீறல். பிரட்டிப் போட்டு ரெண்டு கையையும் நெஞ்சில வச்சு ஒரு அமத்து. கடக்! இப்ப கோழி தவளை மாதிரிப் படுத்திருக்கும். செட்டை நுனியை முதுகுப்பக்கமா மடக்கி விடுங்க, இல்லாட்டி அதுதான் முதல் கருகும். தொடையில எலும்பு வரைக்கும் ரெண்டு கீறல் போட்டா இன்னும் நல்லம்.

1.3 கிலோ கோழிக்கு ரெண்டு தேக்கரண்டி தூளுப்பு, முதல்நாள் ராவே தடவி பிரிட்ஜில வச்சிருவன். உள்ளி, மிளகு, மிளகாய்த்தூள், கொஞ்சம் கந்தளாய்ச் சட்டித்தயிர். தயிரைக் கம்பியில வைக்க முதல் வழிச்சு விடுங்க, கட்டியா நிண்டா கருகும். தேசிக்காய் கடைசியில மட்டும், ராவு முழுக்கத் தேசிப்புளியில ஊறினா தசை ஒரு மாதிரி மாவாப் போயிரும்.

சிரட்டைக்கரியை ஒரு பக்கமா ஒதுக்கி, கோழியைக் கரியில்லாத பக்கத்தில எலும்புப்பக்கம் கீழ பாக்க வைக்கிறது. முக்கியம் என்னெண்டா கால் ரெண்டும் நெருப்புப் பக்கம் பாக்கோணும், நெஞ்சு தூரத்தில. மேல பெரிய தாச்சியால மூடிருவன். கச்சான் காத்து, அதுதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற நாளில கரி அநியாயத்துக்கு எரியும், அண்டைக்கு அடுப்பை மதிலோரத்துக்குக் கொண்டு போயிருங்க. எனக்கு முக்கால் மணித்தியாலம் மட்டில பிடிச்சிச்சு, கடைசி அஞ்சு நிமிசம் தோல்பக்கத்தைக் கரிக்கு நேர மேல பிரட்டி விட்டன், அப்பத்தான் தோல் மொறுமொறுப்பா வரும்.

வெந்திச்சா எண்டு பாக்க கனடாச் சித்தப்பா விட்டிட்டுப் போன தேர்மாமீட்டர் ஒண்டு இருக்கு. முதல்தரம் குத்திப் பாத்தா 120. ஐயோ கூட வெந்து போச்செண்டு பதறி இறக்கிட்டன், பாத்தா அது பாரன்ஹீட். செல்சியஸில அம்பதும் இல்ல. திரும்ப வச்சு நெஞ்சில 165 பாரன்ஹீட், அதாவது அந்த 74 செல்சியஸ், காட்டினாப் பிறகு இறக்கி, பத்து நிமிசம் தொடாம விட்டு வெட்டினம்.

அம்மா கோழியைப் பாக்கேல்ல, முதுகெலும்பு எங்க எண்டுதான் கேட்டவ. அடுத்தநாள் அதைப் போட்டு மிளகு ரசம் வச்சா, மச்சான் ரெண்டு கோப்பை குடிச்சான்.