ஸ்டார்ட் ஆனதும் விழுந்த மைஎஸ்கியூஎல்: காரணத்தைத் தேடிப் பிடித்த அனுபவம்

கர்னல் அப்டேட்டுக்காகத் திட்டமிட்டு ரீபூட் செய்த சர்வர் அது. மெஷின் ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8.0 மட்டும் வரவில்லை. ஸ்டார்ட் ஆகும், சில விநாடிகளில் விழும், லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை மறுபடி எழுப்பும், மறுபடி விழும். கரண்ட் போகவில்லை, யாரும் கான்ஃபிகரேஷனைத் தொடவில்லை, டேட்டாபேஸை முறையாக நிறுத்திவிட்டுத்தான் ரீபூட் செய்திருந்தோம். அப்படியிருந்தும் விழுந்ததுதான் கவலையைக் கூட்டியது.

முதலில் செய்தது அந்தச் சுழற்சியை நிறுத்தியது. இதை அவசரம் என்றே சொல்வேன். மைஎஸ்கியூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி ஒவ்வொரு முறை எழும்போதும் ரெக்கவரி வேலையைத் தொடங்கும், ஃபைல்களில் எழுதும். சேதம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலையில் சர்வரைத் தன் போக்கில் எழுந்து எழுந்து விழ விடுவது, மிச்சமிருப்பதையும் பணயம் வைப்பதற்குச் சமம். சர்வீஸை ஸ்டாப் செய்து, தானாக எழாதபடி மாஸ்க்கும் செய்துவிட்டு, டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறொரு டிஸ்குக்கு காப்பி எடுத்தோம். காப்பி முடிய நேரம் பிடித்தது. "அதற்குள் ஏதாவது முயற்சி செய்து பார்க்கலாமே" என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சர்வர் நின்றிருக்கும்போது எடுத்த முழு காப்பி கையில் இருந்தால், அதற்குப் பிறகு செய்யும் எதையும் திரும்பப் பெற முடியும். அது இல்லையென்றால் ஒவ்வொரு கட்டளையும் ஒருவழிப் பாதைதான்.

காப்பி ஓடும் நேரத்தில் லாக்கைப் படித்தேன். டெபியன், உபுண்டு வகைகளில் எரர் லாக் பெரும்பாலும் வார் லாக் மைஎஸ்கியூஎல் என்ற டைரக்டரியில் இருக்கும். பலரும் கடைசிப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் ரீபூட்டுக்குப் பிறகு வந்த முதல் ஸ்டார்ட்டைத் தேடிப் போனேன். பல முறை விழுந்த சர்வரின் லாக்கில், பின்னால் வரும் எரர்கள் முந்தைய விழுதலின் விளைவாகக்கூட இருக்கலாம். உண்மையான காரணம் முதல் தடவையில்தான் கலப்பில்லாமல் தெரியும்.

அங்கே நான் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி: சர்வர் எழ மறுக்கிறதா, எழுந்து விழுகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். கான்ஃபிகரேஷனில் தெரியாத வேரியபிள் இருந்தால், உதாரணமாக 8.0-ல் நீக்கப்பட்ட க்வெரி கேஷ் செட்டிங் பழைய ஃபைலில் அப்படியே கிடந்தால், அது காரணத்தைச் சொல்லிவிட்டுத் தானாக நின்றுவிடும். எரர் நம்பர் 13 என்றால் பர்மிஷன், 28 என்றால் டிஸ்கில் இடமில்லை. இன்னோடிபியின் பொது ஃபைலான ஐபிடேட்டாவை லாக் செய்ய முடியவில்லை என்று 11 வந்தால், பெரும்பாலும் இன்னொரு மைஎஸ்கியூஎல் ப்ராசஸ் ஏற்கெனவே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை எல்லாம் மறுப்பு வகை. ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

எங்களுடையது விழும் வகை. அதிலும் எந்த சிக்னலில், அதாவது ப்ராசஸை நிறுத்திய எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் அறிவிப்பில், விழுந்தது என்பது முக்கியம். சிக்னல் 9 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். மெமரி போதாமல் கர்னலே கொன்றிருக்கலாம், ஸ்டார்ட் ஆக அதிக நேரம் எடுக்கிறது என்று சிஸ்டம்டி கொன்றிருக்கலாம். அப்படிச் சாகும் ப்ராசஸுக்குத் தன் லாக்கில் ஒரு வரி எழுதக்கூட வாய்ப்பில்லை. லாக் பாதியில் அறுந்து நிற்கும், காரணத்தைக் கர்னல் லாக்கிலோ ஜர்னலிலோதான் தேட வேண்டும். சிக்னல் 11 என்றால் தொடக்கூடாத மெமரியைத் தொட்டுவிட்டது. சிக்னல் 6 என்றால் சர்வர் தன் நிலையைத் தானே சோதித்து, இனி தொடர்ந்தால் டேட்டாவுக்கு ஆபத்து என்று முடிவெடுத்து வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொண்டது. எங்கள் லாக்கில் இருந்தது 6. அதற்கு மேலே, டேட்டாபேஸ் பேஜ் சேதமடைந்திருக்கிறது, பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டியிருக்கலாம் என்ற செய்தியும், ஸ்பேஸ் எண்ணும் (டேபிள் ஃபைலின் அடையாள எண்), பேஜ் எண் 1187-உம் இருந்தன. இன்னோடிபி தன் ஃபைலைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது, அந்தத் துண்டுதான் பேஜ்.

அதைவிட எனக்கு உதவியது வேறொரு வரி. விழுவதற்குச் சற்று முன், கனெக்ஷன்களுக்குத் தயார் என்று சர்வர் அறிவித்திருந்தது! அப்படியென்றால் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் ரீடூ லாக்கைப் படித்து முடித்தாகிவிட்டது, டேட்டா டிக்‌ஷனரி திறந்தாகிவிட்டது, ஸ்டார்ட்டப்பின் பெரிய கட்டங்கள் எல்லாம் கடந்தாகிவிட்டன. விழுந்தது அதற்குப் பிறகு பின்னணியில் தொடங்கும் ஏதோ ஒரு வேலையில். கீழே, விழுந்த நேரத்தில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸில் இருந்த ஃபங்க்‌ஷன் பெயர்களில் பர்ஜ் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஸ்டாக் ட்ரேஸைக் கண்டாலே சிலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதிலுள்ள முகவரிகள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயர்களை மட்டும் வாசித்தாலே சர்வர் என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தது என்பது தெரிந்துவிடும்.

பர்ஜ் என்பது, டெலீட் ஆன ரெக்கார்டுகளைப் பின்னால் வந்து உண்மையிலேயே நீக்கும் வேலை. டெலீட் கட்டளை கொடுத்ததும் இன்னோடிபி ரெக்கார்டில் அடையாளம் மட்டும் வைக்கிறது. பழைய நிலையைப் பார்க்க வேண்டிய ட்ரான்ஸாக்‌ஷன் எதுவும் இல்லை என்று ஆன பிறகு, பர்ஜ் த்ரெட் அதை எடுத்துப் போடும். சர்வரை நிறுத்தும்போது இயல்பான செட்டிங்கில், அதாவது ஃபாஸ்ட் ஷட்டவுன் மதிப்பு 1-ல், மிச்சமிருக்கும் பர்ஜ் வேலை முழுவதையும் முடித்துவிட்டு நிற்காது. அடுத்த ஸ்டார்ட்டில் தொடரும். எங்கள் சர்வரில் பழைய ரெக்கார்டுகளை மொத்தமாக நீக்கும் ஒரு வேலை ரீபூட்டுக்குச் சற்று முன்புதான் ஓடியிருந்தது. ஆக, ஸ்டார்ட் ஆன கையோடு சேதமான பேஜைத் தேடிப் போய்த் தொட்டது யார் என்பது தெளிவாகிவிட்டது.

சரி, அந்த பேஜில் அப்படி என்னதான் இருக்கிறது? காப்பியில்தான் பார்த்தோம். லாக்கில் டேபிள் பெயர் இல்லை, ஸ்பேஸ் எண் மட்டும்தான். இன்னோடிபியின் ஒவ்வொரு டேபிள் ஃபைலிலும் 34-வது பைட்டிலிருந்து நான்கு பைட்டுகளில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும். ஒரு சின்ன ஸ்கிரிப்டை எல்லா ஃபைல்களிலும் ஓட்டியதும் டேபிள் சிக்கியது. பேஜ் அளவு 16 கேபி என்பதால், 1187-ஐ 16384-ஆல் பெருக்கினால் 19447808. ஃபைலில் அந்த இடத்திலிருந்து ஒரே ஒரு பேஜை வெட்டி எடுத்து ஹெக்ஸ் டம்பில் பார்த்தேன். முதல் 12 கேபி அழகாக இருந்தது. கடைசி 4 கேபி முழுக்கப் பூஜ்யம்.

ஒரு பேஜின் கடைசிப் பகுதியில் இரண்டு முக்கியமான சங்கதிகள் இருக்கின்றன. கடைசி 8 பைட்டில் சரிபார்ப்புக்கான ட்ரெய்லர், அதற்கு ஒட்டிய முன்பகுதியில் ரெக்கார்டுகளைத் தேட உதவும் பேஜ் டைரக்டரி. இரண்டும் போய்விட்டதால் செக்சம், அதாவது பேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எண், பொருந்தவில்லை, சர்வர் தன்னை நிறுத்திக்கொண்டது. பேஜை அதன் இடத்தில் எழுதும் முன் ஒரு நகலை வைக்கும் டபுள்ரைட் பஃபர் இதைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே சர்வர் விழுந்து பேஜ் பாதியில் நின்றால் டபுள்ரைட் காப்பாற்றும், ஏனென்றால் அந்த பேஜின் முழு நகல் அப்போது அதில் இருக்கும். எப்போதோ எழுதிய பேஜ் பிறகு டிஸ்கில் கெட்டிருந்தால், அதன் நகல் அங்கே இருக்காது.

அடுத்து இன்னோசெக்சம் டூலைக் காப்பியில் இருந்த எல்லா ஃபைல்களிலும் ஓட்டினோம். சர்வர் நின்றிருக்கும்போது ஒவ்வொரு பேஜின் செக்சமையும் அது சோதிக்கும். முதல் தவறிலேயே நின்றுவிடும் என்பதால், தவறுகளை அனுமதித்துத் தொடரும் ஆப்ஷனையும் கொடுக்க வேண்டும். முழுவதும் ஓடி முடித்தபோது கெட்டிருந்தது அந்த ஒரே பேஜ்தான் என்று தெரிந்தது. அந்த முடிவைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

இனி ஃபோர்ஸ் ரெக்கவரி, அதாவது சேதம் இருந்தாலும் சர்வரை எழுப்பப் பார்க்கும் செட்டிங். இதைப் பற்றி வெளியே சொல்லப்படும் ஆலோசனைகள் எனக்குக் கவலை தருகின்றன. "6 போடு, எழுந்துவிடும்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். 1 முதல் 6 வரையிலான ஒவ்வொரு எண்ணும் ஸ்டார்ட்டப்பின் ஒரு வேலையை நிறுத்துகிறது. 1 சேதமான பேஜைப் பொருட்படுத்தாமல் தொடரச் சொல்கிறது, 2 பர்ஜையும் மாஸ்டர் த்ரெட்டையும் நிறுத்துகிறது, 3 முடியாத ட்ரான்ஸாக்‌ஷன்களின் ரோல்பேக்கை, அதாவது அவற்றின் மாற்றங்களைத் திரும்பப் பெறுவதை, நிறுத்துகிறது. 4-லிருந்து மேலே போனால் டேட்டா ஃபைல்களையே நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும். 6 ரீடூ லாக்கையே படிக்காமல் விட்டுவிடும். ஆகவே கீழிருந்து ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும், அதுவும் காப்பியில். இப்படி ஏறும்போது இது நோயைக் காட்டும் கருவியும்கூட: எந்த எண்ணில் எழுகிறதோ, அந்த எண் நிறுத்திய வேலைதான் சேதத்தைத் தொடுகிறது.

வேறொரு மெஷினில் அதே வெர்ஷன் மைஎஸ்கியூஎல்லைப் போட்டுக் காப்பியின் காப்பியை எழுப்பினோம். அதே வெர்ஷன் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். 8.0.16 முதல், புதிய வெர்ஷனில் எழுப்பினால் சர்வரே டேட்டா டைரக்டரியை அப்கிரேட் செய்துவிடும், பழையதற்குத் திரும்ப வழியில்லை. 1 வைத்தபோது மறுபடி விழுந்தது, ஆனால் இம்முறை சிக்னல் 11. செக்சம் சோதனையைத் தாண்டிப் போன பர்ஜ் த்ரெட், பூஜ்யமாகிவிட்ட பேஜ் டைரக்டரியை நம்பி நடந்து விழுந்திருக்கிறது. 2 வைத்ததும் எழுந்து நின்றது. பர்ஜ்தான் என்ற ஊகம் உறுதியானது.

அப்புறம் வந்ததுதான் எனக்குப் பெரிய நிம்மதி. பேஜின் முன்பகுதி நன்றாக இருந்ததால், 66-வது பைட்டிலிருந்து எட்டு பைட்டுகளில் இருக்கும் இண்டெக்ஸ் எண்ணைப் படிக்க முடிந்தது. எழுந்து நின்ற சர்வரில், டேபிள், இண்டெக்ஸ் விவரங்களைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் அதைத் தேடினால், ப்ரைமரி கீ இல்லை, தேதி நெடுவரிசையின் மேல் தேடலுக்காகப் போட்டிருந்த ஒரு செகண்டரி இண்டெக்ஸ்! இன்னோடிபியில் முழு ரெக்கார்டுகள் இருப்பது ப்ரைமரி கீயின் மரத்தில். செகண்டரி இண்டெக்ஸில் இருப்பவை எல்லாம் அதிலிருந்து மறுபடி உருவாக்கக்கூடியவை. ஒரு ரெக்கார்டுகூடத் தொலையவில்லை.

ஆனாலும் கவனமாகத் தொட வேண்டியிருந்தது. செக் டேபிள் கட்டளையைக் கொடுக்க விடவில்லை, கெட்ட பேஜைச் சந்தித்தால் அது சர்வரையே நிறுத்திவிடக்கூடும். எத்தனை ரெக்கார்டுகள் என்று கவுண்ட் கேட்பதிலும் பொறி இருக்கிறது. இன்னோடிபி அதற்குச் சிறிய செகண்டரி இண்டெக்ஸை எடுத்துக்கொள்ளக்கூடும், அது இந்த இண்டெக்ஸாகவே இருக்கலாம். ப்ரைமரி கீயைக் கட்டாயமாகப் பயன்படுத்தச் சொல்லித்தான் எண்ணினோம். டேட்டாவை எஸ்கியூஎல் கட்டளைகளாக வெளியே எழுதும் மைஎஸ்கியூஎல்டம்ப் டேபிளை முழுதாக வாசிப்பதால் ப்ரைமரி கீ வழியே போகும், தடையில்லாமல் முடிந்தது. ஸ்டோர்டு ப்ரோசீஜர்களையும் ஈவென்ட்களையும் அது தானாக எடுக்காது, அவற்றுக்கான ஆப்ஷன்களைத் தனியாகக் கொடுத்தோம்.

கெட்ட டேபிளை மட்டும் நீக்கிவிட்டுப் பழைய டேட்டா டைரக்டரியிலேயே தொடரலாமா என்று ஒரு பேச்சு வந்தது. மதிப்பு 3 வரை ட்ராப் அனுமதிக்கப்படும் என்பதால் அது முடியும்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. புது டிஸ்கில் காலியான டேட்டா டைரக்டரியை உருவாக்கி, முழு டம்பையும் அதில் ஏற்றி, ஃபோர்ஸ் ரெக்கவரி இல்லாமல் எழுப்பி, ஒவ்வொரு டேபிளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் பொருந்தின.

இதற்கிடையே வந்த இன்னும் இரண்டு யோசனைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் எல்லோருக்கும் இவை வந்து சேரும். ஒன்று, ரீடூ லாக் ஃபைல்களை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்வது. கமிட் ஆகியும், அதாவது உறுதிசெய்யப்பட்டும், டேட்டா ஃபைலில் இன்னும் எழுதப்படாத மாற்றங்கள் அந்த ஃபைல்களில் மட்டும்தான் இருக்கும். விழுந்த சர்வரில் அவற்றை அழிப்பது, கமிட் ஆன டேட்டாவை நம் கையால் எறிவது. இரண்டாவது, பேக்கேஜை நீக்கிவிட்டு ரீஇன்ஸ்டால் செய்வது. சேதம் இருப்பது டேட்டாவில், புது பைனரி அதே பேஜைத்தான் வாசிக்கும். நீக்கும் முறையைப் பொறுத்து டேட்டா டைரக்டரியே போய்விடும் அபாயமும் உண்டு.

காரணத்தைக் கர்னல் லாக்கின் பழைய பகுதிகளில் பார்த்தோம். அந்த டிஸ்க் இடையில் ரீசெட் ஆகித் திரும்பி வந்ததற்கான வரிகள் அங்கே இருந்தன. எழுதியாகிவிட்டது என்று டிஸ்க் சொன்ன 4 கேபி ஒன்று அதன் கேஷிலேயே போய்விட்டிருக்கிறது. சர்வர் ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த பேஜின் நல்ல நகல் மெமரியில் உள்ள பஃபர் பூலில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ரீபூட் ஆகி, முதல் முறையாக டிஸ்கிலிருந்து வாசித்தபோதுதான் வெளியே வந்தது.

தினசரி பேக்கப் அதுவரை ஒருநாள்கூடத் தவறவில்லை என்பதையும் கவனித்தோம். தவறியிருக்கவும் முடியாது, டம்ப் அந்த இண்டெக்ஸ் பக்கமே போவதில்லை. அதனால் இப்போது டம்போடு சேர்த்து ஃபைல் அளவிலான பேக்கப்பும் எடுக்கிறோம். அதைத் தனி மெஷினில் ரீஸ்டோர் செய்து, சர்வரை முறையாக நிறுத்திவிட்டு, எல்லா ஃபைல்களிலும் இன்னோசெக்சம் ஓட்டுகிறோம். டிஸ்க் ரீசெட் ஆனதாகக் கர்னல் லாக்கில் ஒரு வரி வந்தாலும் எங்களுக்கு உடனே அலர்ட் வருகிறது.