மெத்தை அடிக்காத முக்காலி

இலங்கையின் வடக்கே, தருமபுரத்தில் எங்கள் காணியின் பின்வேலியோரம் அப்பா நட்ட தேக்குகள், 2009இல் போரில் நாங்கள் இடம்பெயர்ந்து போனபோதும் நின்றன; திரும்பி வந்தபோதும் நின்றன. அவற்றில் மூன்றை வெட்டி, நியூஜேர்சியில் கடை வைத்திருக்கும் மச்சாளுக்கு 24 முக்காலியும் 60 வெட்டுப்பலகையும் செய்து அனுப்பினோம். 2025 மார்ச்சில் பேச்சுத் தொடங்கியது, நவம்பரில்தான் சாமான் கப்பலேறியது. மரவேலை ஆறு கிழமைதான். மிச்சக் காலமெல்லாம் வரிக்கும் கடதாசிக்கும் போனது.

விதானையாரின் கடிதம், பிரதேச செயலகம், வனவளத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் எல்லாம் எடுத்துத்தான் குற்றிகளை மரக்காலைக்கு ஏற்றினோம். முதல் குற்றியிலேயே வாள் கீச்சிட்டு நின்றது. மூன்று பல் போய்விட்டது. அடிமரத்துக்குள்ளே சின்னவிரல் அளவில் ஒரு ஷெல் துண்டு. அதைச் சுற்றி மரம் கறுத்து, மேலே புதுமரம் வளர்ந்து மூடியிருந்தது. அந்தப் பலகையை விற்க அப்பா விடவில்லை.

இதற்கிடையில் அமெரிக்காவின் இறக்குமதி வரி ஆடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருளுக்கு 44 சதவீதம் என்று அமெரிக்கா அறிவித்தது. யூலையில் 30 என்றார்கள். ஓகஸ்ட் 7இலிருந்து 20 ஆனது; நாங்கள் அனுப்பியபோது அதுதான் இருந்தது. நாற்பது டொலர் முக்காலிக்கு எட்டு டொலர். அதைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான், நாங்கள் இல்லை. ஆனாலும் விலை பேசும்போது சுமை எங்களிடமும் வந்தது. "பாதி நான், பாதி நீங்கள்" என்றாள் மச்சாள். அந்த நாலு டொலர் எங்களுக்கு ஒரு முக்காலியின் மெருகுக் கூலி. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்சலில் அனுப்பலாம் என்று பார்த்தால், 800 டொலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த வரிவிலக்கும் ஓகஸ்ட் 29உடன் நின்றுவிட்டது.

பிறகு மச்சாள் முக்காலிக்கு மெத்தை அடித்துத் தரக் கேட்டாள். சீலையும் வாங்கிவிட்டேன். சாமானைக் கப்பலேற்றும் கொழும்பு ஏஜென்ட் போனில், "தங்கச்சி, மெத்தை சும்மா வைக்கிறதோ, ஆணி அடிச்சதோ?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது: சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு; வெறும் மர இருக்கைக்கு 9401.69, மெத்தை அடித்தால் 9401.61. ஒக்ரோபர் 14இலிருந்து மெத்தை அடித்த மரத்தளபாடத்துக்கு 20 இல்லை, 25 சதவீதம் என்று ஆகியிருந்தது. சீலையை மடித்து அலுமாரியில் வைத்தேன்.

இதே வழியில் அனுப்ப நினைக்கிறவர்கள் உளியைத் தொடுவதற்கு முன்னம் சுங்க இலக்கத்தைக் கேளுங்கள். மரம் ஒன்றுதான், இலக்கம்தான் வேறு. வெட்டுப்பலகை 4419, சுங்கப் பட்டியலில் மரத்துக்குரிய 44ஆம் அத்தியாயம். முக்காலி தளபாடத்தோடு 94க்குப் போய்விடும்.  சுங்க இலக்கத்தின் முதல் ஆறு எண் பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

மரத்தின் விஞ்ஞானப் பெயரும் வெட்டிய நாடும் வேண்டும் என்று மச்சாளின் சுங்கத் தரகர் கேட்டார். களவு மரம் வராமல் தடுக்கும் அவர்களுடைய லேசி சட்டத்தை 2008இல் திருத்தியதிலிருந்து அந்தப் பத்திரம் இருக்கிறது. டெக்டோனா கிராண்டிஸ், இலங்கை என்று எழுதிக் கொடுத்தேன். திணைக்களத்துக்கு அலைந்து எடுத்த அனுமதிப்பத்திரம் அப்போதுதான் கைகொடுத்தது.

கடைசி அடி கொழும்பில் விழுந்தது. சாமானை அடுக்க நாங்கள் மாம்பலகையில் கூடு அடித்துக் கொண்டுபோயிருந்தோம். ஏஜென்ட் தொட்டும் பார்க்கவில்லை. பொதிக்கும் மரம் உள்நடுவரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ மருந்துப் புகை போடப்பட்டோ, கோதுமைக்கதிர் முத்திரை குத்தியிருக்க வேண்டுமாம். பூச்சி கடல் தாண்டக் கூடாதென்ற விதி. பசை போட்டுச் சூட்டில் அழுத்திச் செய்யும் பிளைவூட்டுக்கு அந்த விதி இல்லை. அப்பா பிளைவூட் வாங்கிவந்து, ஏஜென்டின் முற்றத்திலேயே இருந்து இரவு பத்து மணிவரை புதுக்கூடு அடித்தார். மாம்பலகைக் கூட்டை அதே லொறியில் திருப்பிக் கொண்டுவந்தோம். இப்போது அதில் கோழி அடைகிறது.