“நாறுது” என்று சொன்னால் போதாது

“ராத்திரியானா நாறுது” என்று நான் மலாயில் சொன்னதும், சுற்றுச்சூழல் துறை அலுவலக முகப்பில் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்? காற்று எந்தப் பக்கமிருந்து? “எப்பவும்தான்” என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவே இல்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரம். சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு), மாரியம்மன் கோயில், நாலைந்து கடை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை உடைத்த பிறகு பாதிப்பேர் இந்தத் தாமானுக்குத்தான் வந்தோம். பாமாயில் ஆலை எங்கள் கொல்லைப்புறத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. நாற்றத்துக்குக் காரணம் புகைபோக்கிதான் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன்.

வெறுங்கையோடு திரும்பி வந்து நாலு நாள் எரிச்சலில் இருந்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, நாற்றத்தை அளக்க மூக்கைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை என்று. ஆய்வுக்கூடத்திலும் மூக்குதான். பையில் பிடித்துவந்த காற்றில் சுத்தக் காற்றைக் கலந்து கலந்து, முகர்ந்து பார்ப்பவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் வாடை தெரிகிற கட்டம் வரை போவார்கள். எத்தனை மடங்கு கலக்க வேண்டியிருந்ததோ அதுதான் கணக்கு. ரசத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய், பந்தியில் பாதிப்பேர் “இது வெறும் வெந்நீர்” என்று சொல்லும்வரை ஊற்றுகிற மாதிரி.

அதெல்லாம் நம்மால் ஆகாது. ஆனால் ஜெர்மனியில் களத்தில் செய்கிற ஒரு முறை எனக்குப் பிடித்திருந்தது, செலவும் கிடையாது. ஓரிடத்தில் 10 நிமிடம் நிற்க வேண்டும், 10 விநாடிக்கு ஒரு தடவை முகர வேண்டும், ஆக மொத்தம் 60 தடவை. அதில் 6 தடவையோ அதற்கு மேலோ வாடை தெரிந்தால் அந்த ஒரு மணி நேரமே ‘வாடை மணி’ என்று கணக்கு. கூடவே 0 முதல் 6 வரை வீரியத்துக்கு ஒரு எண் போடலாம். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன்.

முதல் இரவே சொதப்பல். காற்றுத் திசை பார்க்க ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு போய் நின்றேன், புத்திசாலித்தனமாக! புகை அழகாகத் திசை காட்டியது, மூக்கில் மல்லிகையைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை. மறுநாள் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கொடிக்கம்பத்தில் கட்டினேன். இரண்டாவது இரவு, கருவாடு பொரித்த அடுப்படியிலிருந்து நேராகப் போய் நின்றதால் அதுவும் வீண். அதற்குப் பிறகு தைலம், பவுடர், சிகரெட் எதுவும் கிடையாது, வெளியே வந்து பத்து நிமிடம் சும்மா நின்ற பிறகுதான் கணக்கு.

என் மூக்கு ஒன்று மட்டும் போதாது என்று பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டேன். “தம்பி, இது புகை வாடை இல்லப்பா. அரிசி கழுவின தண்ணிய மூணு நாள் மூடி வெச்சு தொறந்தா வருமே, அது” என்றார் அத்தை, முதல் மூச்சிலேயே. அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஒன்பது வருடம் அந்த வாடையில் இருந்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதில்லை. என் அம்மாவையும் ஒருநாள் நிற்கவைத்தேன். 60-க்கு 0. ஆலையை ஒட்டிய லயத்தில் முப்பது வருடம் இருந்தவருக்கு மூக்கு பழகிவிட்டது. “என்னடா நாறுது, உனக்குத்தான் எல்லாம் நாறும்” என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆறு வாரம் எழுதினேன், வேலை முடிந்து வந்து தூங்காமல். பிறகு நோட்டைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மேகம் மூடிய இரவிலும் காற்றடித்த இரவிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மேகமில்லாமல் சேலைக்கரை அசையாமல் தொங்கிய இரவுகளில், 11 மணிக்கு மேல் விடியும்வரை வீரியம் 4, 5. அந்த மாதிரி இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்த காற்று கீழேயே படுத்துக்கொள்ளும், அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். புகைபோக்கியின் சூடான புகை மேலே போய்விடும். தரையோடு கிடந்து, ஓடையின் சரிவில் எங்கள் பக்கம் இறங்கி வருவது ஆலையின் கழிவுநீர்க் குளத்தின் வாடை. அத்தையின் மூக்கு சொன்னதும் அதுதான். குளத்திலிருந்து நிறைய மீத்தேன் வரும், ஆனால் மீத்தேனுக்கு மணம் கிடையாது. நாறுவது அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் புளித்துப்போன கொழுப்பு அமிலங்களும்.

அதே இரவுகளில்தான் ஆலையின் சத்தமும் வீட்டுக்குள்ளேயே கேட்கிற மாதிரி இருக்கும், காரணமும் அதே காற்றுதான், சத்தத்தைக் கீழே வளைத்துவிடும். கைப்பேசியில் செயலி போட்டு அளந்தேன். முதலில் 52 டெசிபெல் என்று காட்டியது, குதித்தேன், கடைசியில் பார்த்தால் எங்கள் வீட்டுச் சுவர் விசிறி. வெளியே சுவரை விட்டுத் தள்ளி நின்று அளந்தால் 45. நம்மூர் சத்த வழிகாட்டியில் இரவு 10 முதல் காலை 7 வரை இரவுக் கணக்கு. ஆனால் எங்களை எழுப்பிவிடுவது அந்த 45 இல்லை. பழக்குலை அவிக்கும் கலனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் ஆவியைத் திறந்துவிடுவார்களே, அந்த ‘உஸ்ஸ்ஸ்’. 20 விநாடிக்கு 70 டெசிபெல். அதை அந்த 45-ஓடு சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சராசரி போட்டால் 49-தான் வரும். பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தது அந்த 49-இல் எங்கே இருக்கிறது? அதனால் சராசரியோடு உச்ச அளவையும் நேரத்தையும் தனியாக எழுதினேன்.

வெளிச்சத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. குளத்துப் பக்கம் இருந்த பெரிய விளக்கு நேராக எங்கள் படுக்கையறைக்குள் அடித்தது. வெளிச்சத்தை அளக்கக் கடையில் வாங்கிய மலிவான லக்ஸ் மீட்டர் 1-ஐத் தாண்டவில்லை, ஆனால் பௌர்ணமி நிலா வெளிச்சமே அரை லக்ஸுக்கும் குறைவு என்பதால் அந்த 1 சும்மா இல்லை. ஜன்னலில் இருந்து எடுத்த படத்தை ஆலைக் காவலாளி அண்ணனிடம் காட்டினேன். ஏணி போட்டு ஏறி விளக்கைத் தரை பார்க்கத் திருப்பிவிட்டார், பத்து நிமிட வேலை.

நோட்டோடு மறுபடி போனபோது அதே அதிகாரி உட்காரச் சொன்னார், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், அத்தையின் அரிசித் தண்ணீரை மட்டும் இரண்டு தடவை வாசித்துச் சிரித்தார். வருவது பகலிலாக இருந்தால் ஒன்றும் தெரியாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலை ஐந்தரைக்கு வந்தார்கள். குளத்தில் வண்டல் பாதிக்கு மேல் நிரம்பியிருந்ததாம். அதை வாரி எடுக்க ஆரம்பித்தார்கள், கிளறியதில் முன்பைவிட மோசமாக இரண்டு வாரம் நாறியது, ஊரில் பாதிப்பேர் என்னைத்தான் திட்டினார்கள். ஆவிச் சத்தத்துக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, அந்தப் பக்கங்களை நகலெடுத்துத் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

நோட்டு இன்னும் ஜன்னலோரம்தான் கிடக்கிறது. நேற்றைய வரி: ‘இரவு 1:40. காற்று இல்லை. 60-க்கு 9, வீரியம் 2. ஆலை இல்லை, எங்கள் வீட்டுச் சாக்கடை மூடி.’